கணுக்கால் மடங்காவிட்டால் பைக் ஓட்டக் கூடாதா? லீவரில் பதில் இருக்கு, படிவத்தில்தான் இல்லை!

ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது நாம் நிரப்பும் படிவம் 1 ஞாபகம் இருக்கா? உடல் தகுதி பற்றி நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் உறுதிமொழி அது. பெரும்பாலோர் படிக்காமலே டிக் அடித்துவிட்டு நகரும் அந்தத் தாளில் ஒரு கேள்வி இருக்கும். கையையோ காலையோ இழந்திருக்கிறீர்களா, கை கால்களின் தசை வலுவில் ஏதேனும் குறை உண்டா என்று. பதில் 'ஆம்' அல்லது 'இல்லை'. நடுவில் எதுவும் கிடையாது.

ஆனால், நடுவில்தான் நிறைய பேர் இருக்கிறார்கள். விபத்தில் கணுக்கால் உடைந்து பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தவர். மூட்டு தேய்ந்து, இனி அசையவே வேண்டாம் என்று எலும்புகளை இணைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். நரம்பு அடிபட்டு பாதம் தொங்கிப்போனவர். சின்ன வயதில் போலியோ வந்தவர். இவர்கள் நடக்கிறார்கள், படி ஏறுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். கால் இருக்கிறது, பலரிடம் வலுவும் இருக்கிறது. கணுக்கால் மட்டும் மடங்க மாட்டேன் என்கிறது. அந்தப் படிவத்தில் இவர் எதை டிக் அடிப்பார்? வேலை வேண்டும் என்றால் 'இல்லை'யைத்தான்.

மதுரை விளாங்குடியை எடுத்துக்கொள்வோம். பேரூராட்சியாக இருந்து 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. ஒரு பக்கம் ஃபாத்திமா கல்லூரி, ஆரப்பாளையம் என்று நகரம். இன்னொரு பக்கம் பரவை, சமயநல்லூர், வாடிப்பட்டி என்று வயலும் தொழிற்கூடமும். இங்கே குடியிருக்கும் ஒரு இளைஞருக்கு வேலை எந்தத் திசையில் இருந்தாலும் திண்டுக்கல் ரோடுதான் வழி, பைக்தான் கால். பஸ் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரவு ஷிப்ட் முடித்துப் பதினொன்றரை மணிக்கு வெளியே வருபவரிடம் போய் பஸ் டைமிங் பேசாதீர்கள். டெலிவரி வேலையில் இருப்பவருக்கு பைக் இல்லை என்றால் வேலையே இல்லை.

அப்படி ஒருவருக்குக் கணுக்கால் மடங்காமல் போனால் பைக்கை அவருக்கு ஏற்ற மாதிரி மாற்ற முடியுமா? முடியும். பல நேரங்களில் அது ஒரு ஸ்பேனரில் முடிகிற வேலை. கடினமான பகுதி பட்டறையில் இல்லை, சட்டத்திலும் அலுவலகத்திலும்தான் இருக்கிறது என்பது நம் வாதம். முதலில் பட்டறை.

பைக் உங்கள் கணுக்காலிடம் என்ன கேட்கிறது?

இன்றைய இந்திய பைக்குகளில் இடது கால் கியர், வலது கால் பின் பிரேக். ஆரோக்கியமான கணுக்கால் பாதத்தை மேல்நோக்கி சுமார் 20 டிகிரியும், கீழ்நோக்கி சுமார் 50 டிகிரியும் மடக்கும். பிரேக் பிடிக்கக் கீழ்நோக்கிய அசைவு வேண்டும். பல்சர் மாதிரி வண்டிகளில் முதல் கியருக்குக் கீழே மிதிக்கணும், அடுத்தடுத்த கியர்களுக்கு லீவருக்கு அடியில் பெருவிரலை நுழைத்து மேலே தூக்கணும். அந்தத் தூக்கலுக்கு மேல்நோக்கிய அசைவு வேண்டும். நல்ல கால் உள்ளவர்கள் இதை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை யோசிக்காமலே செய்கிறோம்.

கணுக்கால் அசையாதபோது அந்த வேலையை முழங்காலும் இடுப்பும் ஏற்றுக்கொள்ளும். பாதம் தனியாக மடங்காததால் முழுக் காலையே தூக்கி வைக்க வேண்டும். ஃபுட் ரெஸ்ட்டிலிருந்து கால் எழும், அந்த நொடியில் வண்டி மீதான பிடி தளரும். பிரேக் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். கணுக்கால் கொடுப்பது நுணுக்கமான அழுத்தம்: கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும். தொடையிலிருந்து வரும் மிதிக்கு அந்த நிதானம் கிடையாது. ஒன்று பிடிக்காது, இல்லை சக்கரம் அப்படியே லாக் ஆகும்.

வெளியே தெரியாத இன்னொரு பிரச்சினையும் உண்டு. சாதாரண கம்யூட்டர் பைக்கில் உட்காரும்போது பாதம் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும், கீழ்க்கால் முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கணுக்காலை இணைக்கும் அறுவையில் பாதத்தை வழக்கமாகக் கீழ்க்காலுக்குச் செங்குத்தாகத்தான் நிறுத்துவார்கள், நடக்க அதுதான் வசதி. அந்தச் செங்குத்துப் பாதம் இந்த பைக்கில் உட்கார்ந்தால் விரல்கள் கீழ்நோக்கி இறங்கும். விளைவு, ஓட்டுபவருக்கே தெரியாமல் பிரேக் பெடல் மீது பாரம் விழுந்துகொண்டே இருக்கும். பின்னால் வருபவருக்கு எப்போதும் பிரேக் லைட் எரிவதாகத் தெரியும். டிரம் சூடாகும், பிரேக் ஷூ சீக்கிரம் தேயும், மைலேஜும் குறையும். 'வண்டி இழுக்கவே மாட்டேங்குது அண்ணே' என்று மெக்கானிக்கிடம் வருகிற புகாருக்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

ஒரு ஸ்பேனர் தூரம்

கியர் லீவர் இன்ஜினிலிருந்து வெளியே வரும் ஒரு ஷாஃப்ட்டில் மாட்டியிருக்கும். அந்த ஷாஃப்ட்டைச் சுற்றிலும் சின்னச் சின்ன பற்கள். பல வண்டிகளில் லீவரை இறுக்கியிருக்கும் ஒரே போல்ட்டைக் கழற்றி, லீவரை உருவி, ஒரு பல் மேலேயோ கீழேயோ தள்ளி மாட்டினால் லீவரின் உயரம் மாறிவிடும். பத்து நிமிட வேலை. பிரேக் பெடலுக்கும் இப்படித்தான், எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் ஸ்டாப்பர் போல்ட் பல மாடல்களில் இருக்கிறது. பெடலை இறக்கிய பிறகு பின்னால் ராடின் நட்டைத் திருப்பி பிளே சரிசெய்ய வேண்டும். டிரம் பிரேக் வண்டிகளில் இது வழக்கமாக 20 முதல் 30 மில்லிமீட்டர். அத்துடன் பிரேக் லைட் சுவிட்சையும் மறுபடி செட் செய்யணும். இதைத்தான் பலரும் மறப்பார்கள். மறந்தால் லைட் எப்போதும் எரியும், அல்லது எரியவே எரியாது. இரண்டுமே ஆபத்து.

லீவரைத் தூக்கவே முடியாதவருக்கு இந்தியச் சாலைகளில் ஏற்கெனவே ஒரு விடை ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னால் விரலுக்கு ஒரு மிதி, பின்னால் குதிகாலுக்கு ஒரு மிதி என்று இருபக்கமும் நீண்டிருக்கும் ஹீல்-டோ லீவர். ஸ்பிளெண்டர் வகையறா வண்டிகளில் கியர் ஏற்ற முன்னால் மிதித்தால் போதும், இறக்கப் பின்னால் மிதித்தால் போதும். தூக்கல் என்ற பேச்சே இல்லை. ரெண்டுமே மிதிதான், மிதிக்க இடுப்பும் முழங்காலும் போதும், கணுக்கால் தேவையில்லை. செருப்புப் போட்டு ஓட்டுகிற, ஆபீஸ் ஷூவின் முனையில் கோடு விழுவதை விரும்பாத நம் ஊர் ஓட்டுநர்களுக்கு வசதியாக இருப்பது இது. அதே லீவர் கணுக்கால் மடங்காதவருக்கும் கை கொடுக்கிறது. விளையாட்டுத் தோற்றம் கொண்ட பல பைக்குகளில் இந்த வகை லீவர் வருவதில்லை என்பதுதான் குறை. மாடலுக்குப் பொருந்தும் லீவர் கிடைத்தால் மாட்டிக்கொள்ளலாம். கிடைக்கவில்லை என்பதற்காகப் பழைய லீவரை வெட்டி வெல்டிங் வைப்பது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஃபுட் ரெஸ்ட்டின் இடமும் முக்கியம். மேலே சொன்ன கணக்குப்படி பாதம் முழங்காலுக்கு முன்னால் போகப் போக, செங்குத்தாக நிற்கும் பாதத்தின் விரல்கள் மேல்நோக்கி வரும். அதனால்தான் அவெஞ்சர் மாதிரி காலை முன்னால் நீட்டி உட்காரும் வண்டிகள் கணுக்கால் இணைத்தவர்களில் சிலருக்கு எந்த மாற்றமும் இல்லாமலே ஒத்துப்போகின்றன. புது வண்டி வாங்கும் நிலையில் இருப்பவர் ஷோரூமில் மைலேஜ் கேட்பதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டியது இதைத்தான்.

எந்தக் கால் என்பதும் கேள்வி. இடது கணுக்கால் என்றால் பிரச்சினை கியரில், வலது என்றால் பிரேக்கில். இந்த இட-வலப் பிரிவு ஒன்றும் இயற்கை விதி கிடையாது. பழைய புல்லட் ஓட்டிய மாமாவையோ தாத்தாவையோ கேட்டுப் பாருங்கள். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். 1970-களின் நடுவில் அமெரிக்கா இடது கால் கியரைக் கட்டாயமாக்கியது, பின்னர் உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. மெட்ராஸ் திருவொற்றியூரில் உருவான புல்லட் மட்டும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அடம்பிடித்தது. பஜாஜ் சேட்டக் ஓட்டிய தலைமுறைக்கோ கியரே இடது கையில்தான், கைப்பிடியைத் திருகி மாற்றுவார்கள். ஆக, காலில் இருப்பதைக் கைக்குக் கொண்டுவருவது புதுசாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமில்லை. நம் தெருவில் ஏற்கெனவே ஓடியதுதான்.

கட்டைவிரலில் வந்த உலகப் பட்டங்கள்

வலது கணுக்கால் விஷயத்தில் உலகம் அறிந்த உதாரணம் மிக் டூஹன். ஆஸ்திரேலியாவின் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1992-ல் நெதர்லாந்தின் அசென் பந்தயத் தளத்தில், பயிற்சியின்போது விழுந்து வலது காலை மோசமாக உடைத்துக்கொண்டார். சிகிச்சைச் சிக்கலில் காலையே இழக்கும் நிலை. இத்தாலிய மருத்துவர் கிளாடியோ கோஸ்டா, ரத்த ஓட்டம் கிடைப்பதற்காக அவருடைய இரண்டு கால்களையும் சேர்த்துத் தைத்து வைத்த கதை பந்தய ரசிகர்களுக்குப் பரிச்சயம். கால் தப்பியது, ஆனால் வலது கணுக்காலின் அசைவு போனது. அந்த சீசனில் வெகுவாக முன்னிலையில் இருந்தவர், கடைசி இரண்டு பந்தயங்களுக்குத் திரும்பி வந்தும் 4 புள்ளிகளில் பட்டத்தை வெய்ன் ரெய்னியிடம் இழந்தார்.

வலப்பக்கம் சாய்ந்து வளைவு எடுக்கும்போது அந்தக் காலால் பிரேக்கை மிதிக்க முடியவில்லை. எனவே அவருடைய ஹோண்டாவில் இடது கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்தும் ஒரு சின்ன லீவரை வைத்தார்கள். அதை அழுத்தினால் பின் பிரேக். அவ்வளவுதான் மாற்றம். 1994 முதல் 1998 வரை 500 சிசி உலகப் பட்டத்தைத் தொடர்ந்து ஐந்து முறை வென்றார் டூஹன். அவருக்கு வசதிக்குறைவு என்று வைக்கப்பட்ட அந்தக் கட்டைவிரல் பிரேக்கை இன்று இரண்டு கணுக்காலும் நன்றாக இருக்கிற மோட்டோ ஜிபி வீரர்களே விரும்பி வைத்துக்கொள்கிறார்கள்.

டூஹனுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலையே நின்றது. நமக்கு லேத் பட்டறைதான். ஆனால் அடிப்படை ஒன்றுதான். டிரம் பிரேக் வண்டி என்றால், இடது கைப்பிடியில் கிளட்சுக்குப் பக்கத்தில் இன்னொரு லீவர், அதிலிருந்து ஒரு கேபிள், அது பின் சக்கரத்தின் பிரேக் ஆர்மை இழுக்கும். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் பின் பிரேக் இடது கையில்தானே இருக்கிறது, அதே வழி. டிஸ்க் பிரேக் என்றால் விஷயம் கொஞ்சம் பெரிசு. கைக்கு ஏற்ற அளவில் தனி மாஸ்டர் சிலிண்டர் வேண்டும், அளவு தப்பினால் பிரேக் கல் மாதிரி இறுகும் அல்லது பஞ்சு மாதிரி அமுங்கும். இடது கணுக்கால் பிரச்சினைக்கு, பட்டனை அழுத்தினால் மோட்டார் வழியாகக் கியர் மாற்றும் கருவிகள் வெளிநாடுகளில் விற்கின்றன. பிரிட்டனின் கிளிக்ட்ரானிக் அதில் ஒன்று. நம் சம்பளத்துக்கு அது எட்டுமா என்பது தனிக் கேள்வி.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் இருசக்கர வாகனங்களில் 125 சிசி வரை சி.பி.எஸ்., அதற்கு மேல் ஏ.பி.எஸ். கட்டாயம். சி.பி.எஸ். உள்ள பைக்கில் கால் பிரேக்கை மிதித்தால் பின்னோடு சேர்ந்து முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். பெடலை விட்டுவிட்டுப் பின் சக்கரத்துக்கு மட்டும் தனிக் கேபிள் இழுத்தால் அந்தப் பாதுகாப்பு அறுந்துபோகும். ஏ.பி.எஸ். வண்டியின் பிரேக் ஆயில் லைனில் தெருமுனைப் பட்டறை கை வைக்கவே கூடாது. 2015 வண்டிக்குச் சரியாக இருந்த யோசனை 2022 வண்டிக்குத் தப்பாகலாம்.

வெல்டிங் கதைக்கு வருவோம். பிரேக் பெடலை நெருப்பில் காய்ச்சி வளைப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் நம் ஊரில் சர்வசாதாரணம். வெல்டிங் வைத்த இடம் முழுப் பலத்தில் மிதிக்கும் அன்றைக்குத்தான் விடும், அந்த அன்றைக்கு என்பது எப்போதும் லாரி முன்னால் நிற்கிற அன்றைக்கு. உயரத்தை மாற்றலாம், போல்ட் போட்டு மாட்டும் பாகத்தைச் சேர்க்கலாம். பிரேக் பாகத்தில் வெல்டிங் வேண்டாம்.

'ஸ்கூட்டர் வாங்கிட்டா போச்சு!'

இதைப் படிக்கும் பாதிப் பேர் முதல் பத்தியிலேயே இதைக் கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்வி. பலருக்கு அதுவே சரியான பதிலும்கூட. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில், பாதம் தட்டையாகப் பலகையில். மின்சார ஸ்கூட்டருக்கும் அப்படியே. விலை குறைவாக வேண்டும் என்றால் எக்ஸ்.எல். இருக்கிறது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கிய நிறுவனத்தின் வழி வந்த வண்டி, மதுரைக்காரர்களுக்கு அதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் 'வாங்கிட்டா போச்சு' என்பது வாங்க முடிந்தவர் சொல்லும் வாக்கியம். விபத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் இருந்தவர், இன்னும் தவணை முடியாத பைக்கை விற்று, நஷ்டத்தோடு இன்னொரு வண்டிக்கு மாற வேண்டும். கிராமச் சாலைப் பள்ளத்தில் சின்னச் சக்கரம் படும் பாடு தனி. வீட்டில் அப்பா, தம்பி என்று மூன்று பேருக்கு ஒரே வண்டி என்றால் முடிவு இவர் கையில் மட்டும் இல்லை. இதையெல்லாம் தாண்டி, 'எனக்கு பைக் பிடிக்கும்' என்று 24 வயதுக்காரர் சொன்னால் அதுவும் காரணம்தான். மற்றவர்களிடம் நாம் அந்தக் காரணத்தைக் கேட்பதே இல்லையே.

சட்டம் என்ன சொல்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் பழைய வடிவில் மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கு 'இன்வாலிட் கேரேஜ்' என்று பெயர். செல்லாத வண்டி என்று படித்தாலும் தப்பில்லை போல. அதன் விளக்கம் இன்னும் மோசம். வண்டி அவருக்காகவே சிறப்பாக வடிவமைத்துக் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும், வெறுமனே மாற்றியமைத்ததாக இருக்கக் கூடாது. அதாவது உங்கள் ஸ்பிளெண்டரை உங்கள் காலுக்கு ஏற்ப மாற்றினால் கணக்கில் வராது.

2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த கே.ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் தந்த வடிவத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 52-வது பிரிவை இறுக்கமாக விளக்கியது. சைலன்சரையும் சக்கரத்தையும் மாற்றிக்கொண்டு அலறவிடும் வண்டிகளை நினைத்தால் அந்தத் தீர்ப்பின் நோக்கம் புரியும். அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு கதவைத் திறந்தது. 'இன்வாலிட் கேரேஜ்' போய் 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' வந்தது. உரிமையாளர் தன் வண்டியை அப்படி மாற்றிக்கொண்டு, பதிவு அதிகாரியின் ஒப்புதலை அதன் பிறகு பெறலாம். மாற்றத்தை 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 52-வது பிரிவு. 2022 அக்டோபரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், புது வண்டியைத் தற்காலிகப் பதிவில் எடுத்து மாற்றிய பிறகு நிரந்தரப் பதிவுக்குப் போக வழி செய்யும் வரைவு விதிகளையும் வெளியிட்டது. நல்ல நகர்வுகள்தான்.

சிக்கல் எங்கே என்றால், இந்தக் கதவு ஒரே அளவில்தான் இருக்கிறது. சட்டத்தின் விளக்கப்படி மாற்றியமைத்த வாகனம் அந்த நபரால் அல்லது அவருக்காக மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும். கட்டைவிரல் பிரேக் ஒன்றைக் கூடுதலாக வைத்து, கால் பிரேக்கையும் அப்படியே விட்டுவைத்த பைக்கை தம்பி எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனால்? எழுத்துப்படி அது பிரச்சினை. மூன்று பேருக்கு ஒரே வண்டி என்று இருக்கும் வீட்டில் யார் இதைப் பதிவு செய்யப் போவார்கள்? சொல்லாமல் ஓட்டினால் அது வேறு ஆபத்து. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 2019 திருத்தம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் பார்ப்பதும் சொல்லாமல் செய்த மாற்றத்தைத்தான்.

அரசு உதவித் திட்டங்களின் அளவுகோலும் இவரை எட்டுவதில்லை. இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரைத் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்கிறது. பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்திய திட்டம் அது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி பெரும்பாலான சலுகைகளுக்கு எல்லைக்கோடு 40 சதவீதம். ஒரு கணுக்கால் மட்டும் மடங்காதவருக்குச் சான்றிதழில் அந்த எண் வராமலே போகலாம். மாற்றுத்திறனாளி என்று சொல்லப் போதாது, முழுத் திறன் என்று சொல்லவும் முடியாது. இரண்டு வரிசையிலும் இடம் இல்லாமல் நிற்கிறார்.

விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்க 2021 டிசம்பரில் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழகம் கொண்டுவந்தது. மதுரையில் அடிபட்டவர் ராஜாஜி அரசு மருத்துவமனைக்குப் போய் உயிரோடும் காலோடும் திரும்பி வருகிறார் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. 49-வது மணி நேரத்துக்குப் பிறகு என்ன என்பதுதான் நம் கேள்வி. கட்டுப் பிரித்து, பிசியோதெரபி முடித்து அனுப்பும் நாளில் 'என்ன வேலை பார்க்குறீங்க, என்ன வண்டி ஓட்டுறீங்க?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். கணுக்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அதை ஒரு தாளில் எழுதி, எந்த மாதிரி மாற்றம் தேவை என்று குறித்துக் கொடுத்தால், அது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேசுவதற்கு ஒரு ஆதாரம். இப்போது அந்தப் பேச்சு நோயாளிக்கும் மெக்கானிக்குக்கும் நடுவில், டீ கிளாஸோடு முடிந்துவிடுகிறது. விளாங்குடி மெக்கானிக்கின் கைத்திறன் மீது சந்தேகம் இல்லை. ஒரு மனிதரின் பிரேக் பற்றிய முழுப் பொறுப்பையும் அவர் ஒருவர் தலையில் வைப்பது நியாயமா என்பதுதான் சந்தேகம்.

ஆர்.டி.ஓ. பக்கத்தில் வேண்டியது பெரிய சீர்திருத்தம்கூட இல்லை. படிவத்தில் 'ஆம்', 'இல்லை'க்கு நடுவே ஒரு கட்டம்: 'அசைவில் குறை உண்டு, கட்டுப்பாட்டை மாற்றி ஓட்டுகிறேன்'. ஹீல்-டோ லீவர், கூடுதல் கைப் பிரேக் போன்ற சில மாற்றங்களை மட்டும் பட்டியலிட்டு, அசல் கட்டுப்பாடுகளும் அப்படியே இருக்கும்வரை வீட்டில் மற்றவர்களும் அந்த வண்டியை ஓட்டலாம் என்று ஒரு விதிவிலக்கு. சிறப்பு உரிமம் வாங்க வருபவரை அலையவிடாமல், அவர் வண்டியிலேயே ஓட்டிக்காட்டச் சொல்லி முடிவெடுக்கும் ஒரு இன்ஸ்பெக்டர். ஓட்டிக்காட்டுவதுதானே முக்கியம்? நன்றாக நடப்பவர் எல்லாம் நன்றாகப் பிரேக் பிடிக்கிறார்கள் என்று திண்டுக்கல் ரோட்டில் யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

வண்டி கம்பெனிகளுக்கும் இதில் பங்கு உண்டு. டி.வி.எஸ். ஓசூரில், ராயல் என்ஃபீல்டும் யமஹாவும் சென்னையை ஒட்டி. வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசு மையம் ஒரகடத்தில். எல்லாமே நம் மாநிலத்துக்குள். கிராஷ் கார்டும் டூரிங் சீட்டும் விற்கும் ஆக்சசரி பட்டியலில், சோதித்துச் சான்று வாங்கிய கைப் பிரேக் கிட் ஒன்றுக்கு இடம் ஒதுக்குவது பெரிய முதலீடு இல்லை. கம்பெனி பாகமாக வந்துவிட்டால் சட்டம், இன்ஷூரன்ஸ், வெல்டிங் என்று மூன்று தலைவலிகள் ஒரேயடியாகக் குறையும்.

நாளைக்கே பட்டறைக்குப் போகிறீர்களா?

முதலில் உங்கள் பிரச்சினை நிரந்தரமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வலது கணுக்கால் முறிவுக்கு அறுவை செய்தவர்களின் பிரேக் பிடிக்கும் வேகம் இயல்புக்கு வர சுமார் 9 வாரம் ஆனது என்று அமெரிக்காவில் 2003-ல் ஒரு ஆய்வு வெளியானது. அது கார் ஓட்டுநர்களை வைத்துச் செய்தது, பைக்குக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் கட்டுப் பிரித்த மறுநாளே சாவியை எடுப்பவர்களுக்கு அந்த எண் ஞாபகம் இருக்கட்டும். அசைவு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது என்றால் லீவர் உயரத்தை மட்டும் மாற்றுங்கள், மீதியைச் சில மாதம் கழித்துப் பாருங்கள்.

பட்டறைக்கு நீங்கள் தினமும் போடும் அதே ஷூவோடு போங்கள், கணுக்காலுக்கு பிளாஸ்டிக் பட்டை கட்டுகிறவர் அதையும் போட்டுக்கொண்டு. செருப்பில் அளவு பார்த்து ஷூவில் ஓட்டினால் எல்லாமே அரை அங்குலம் தப்பும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஏறி உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்தபடி லீவரையும் பெடலையும் தேடுங்கள். குனிந்து பார்க்காமல் கால் போய்ச் சேர வேண்டும். அடுத்து ஆள் இல்லாத மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் பத்து முறை நிறுத்திப் பாருங்கள். பின்னால் ஆளை ஏற்றி ஒருமுறை. மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பி ஒருமுறை. திண்டுக்கல் ரோட்டு டிராஃபிக் இதெல்லாம் முடிந்த பிறகுதான்.

இடது கால்காரர்கள் சைடு ஸ்டாண்டையும் கவனியுங்கள். அதைத் தள்ளிவிடுவதும் ஏற்றுவதும் இடது பாதம்தான். இறங்கும் கடைசி நொடியில் ஸ்டாண்ட் கால்வாசி திறந்து நின்றால் வண்டி உங்கள் அதே கால் மேலேயே சாயும். ஸ்டாண்டில் கால் மாட்டும் கொக்கியை நீளமாக்கும் துண்டு கிடைக்கிறது. லீவரைக் கழற்றும்போதே அதையும் மாட்டச் சொல்லிவிடுங்கள்.